ரேங்க் கேட்காத கேள்வி

மருத்துவ மேற்படிப்பில் பி.எம்.ஆர். என்றொரு துறை உண்டு. பிசிக்கல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிடேஷன் என்பது முழுப்பெயர். தமிழில் புனர்வாழ்வு மருத்துவம் என்கிறோம். அமெரிக்காவில் இதில் சேர விரும்பும் டாக்டர், "ஏன் இந்தத் துறை?" என்ற கேள்விக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லாமல் உள்ளே போக முடியாது. நம் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பரீட்சை எழுத வேண்டும், ரேங்க் வரும், விருப்பப் பட்டியல் போட வேண்டும், சீட் வரும். கேட்க ஆளில்லாததால் பலர் பதிலும் யோசிக்காமலே சேர்ந்துவிடுகிறார்கள். மூன்று வருடப் படிப்பில் பாதி தாண்டிய பிறகு அந்தக் கேள்வி தானாக வந்து நிற்கும்.

காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக்குத் திரும்பும் சாலையோர டீக்கடையில் இதைத்தான் ஒரு பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா டிரெய்லர் ஓட்டுகிறார். பெண் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். நீட் பிஜிக்குப் படிக்கிறாள். நான் இந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது அவருக்குத் தெரியும். மகள் வாயில் பி.எம்.ஆர். என்ற பேச்சு வந்ததும் கையோடு கூட்டி வந்துவிட்டார். டீ வருவதற்குள்ளேயே கேட்டுவிட்டார்.

"அஞ்சரை வருஷம் படிக்க வெச்சது பிசியோ பண்றதுக்கா சார்?"

நியாயமான கேள்வி. பாதித் தமிழ்நாட்டுக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் தனிப் பட்டம் படித்தவர். அவர் வேலை அவருடையது, அதை டாக்டரால் அவர் அளவுக்குச் செய்ய முடியாது. பி.எம்.ஆர். டாக்டரின் வேலை வேறு. அதை விளக்க ஒரு நோயாளியைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும்.

இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும் ஒருவர் மணலி பக்கம் லாரியில் அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்த பிறகு சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பணம் கேட்காமல் பார்க்கிறார்கள். உயிர் பிழைக்கிறார். ஆபரேஷன் ஆகிறது, கம்பி வைத்து எலும்பை நிறுத்துகிறார்கள், தையல் பிரிக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் "பிசியோதெரபி" என்று ஒரு வார்த்தை எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத 30 வயது ஆள், இரண்டு குழந்தைகள், ஒற்றை அறை வீடு. இனி என்ன என்பதை யார் சொல்வது? அதைச் சொல்வதற்கென்றே படித்தவர்தான் பி.எம்.ஆர். டாக்டர்.

சிறுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டுவடம் அடிபட்டால் காலைப் போலவே சிறுநீர்ப்பையும் கட்டுப்பாட்டை இழக்கும். நிரம்பியது தெரியாது, தானாகவும் போகாது. நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய குழாயை அவரே உள்ளே செலுத்தி, சிறுநீரை வடித்து, குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குமுன் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு வெளியேறியது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு தடவைக்கு 400, 500 மில்லியைத் தாண்டி அடிக்கடி சேர்ந்தால், பையின் அழுத்தம் ஏறிக் காலப்போக்கில் சிறுநீரகம் கெடும். முதல் வாரம் நோயாளி வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனைவி செய்யட்டும் என்பார். மனைவிக்கு மீன் மார்க்கெட் வேலை இருக்கும். அவர் கையாலேயே செய்யப் பழக்கி, குழாயின் அளவை முடிவு செய்து, பையின் அழுத்தத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் மாத்திரை சேர்த்து, ஆறு மாதம் கழித்துச் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது வரை டாக்டர் வேலை. ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பலர் விபத்துக்குப் பிறகு சிறுநீரகம் கெட்டும், படுக்கைப்புண் சீழ் பிடித்தும்தான் இறந்தார்கள். அந்தச் சாவைத் தடுத்தது இப்படிப்பட்ட வேலைதான்.

அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓட்டும் சாலையில் தினமும் பார்க்கும் விபத்துக்கு இவ்வளவு நீளமான மிச்சம் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது.

அடுத்தது சக்கர நாற்காலி. அதை 'கொடுத்துவிட்டோம்' என்று நிறுவனங்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும். உட்காருபவரின் இடுப்பை அளந்து, இருக்கை அதைவிட ஓரிரு அங்குலம் மட்டும் அகலமாக இருக்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகமானால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகு வளையும், சாய்ந்த பக்கம் புண் வரும். பதினெட்டு அங்குல இருக்கை என்றால் இரண்டு பக்கச் சக்கரமும் சேர்த்து வண்டி இருபத்தைந்து அங்குலத்துக்கு மேல் போகும். வீட்டுக் கழிப்பறைக் கதவு இரண்டடி என்றால் வண்டி வாசலோடு நின்றுவிடும். வாசல்படி ஓரடி உயரம் இருந்தால், தானே தள்ளி ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும். நம் குப்பத்துச் சந்தில் 12 அடி எங்கே இருக்கிறது? கதவைக் கழற்றித் திரை போடலாமா, கழிப்பறைக்கென்று குறுகிய நாற்காலி ஒன்று செய்யலாமா, மணலில் ஓட அகலச் சக்கரம் கிடைக்குமா என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ்.ஸில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஹவுஸ் சர்ஜன் காலத்திலும் எலும்பு சிகிச்சைப் பிரிவோடு சேர்த்து இரண்டே வாரம்தான்.

இன்னும் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரின் கை இறுகிப்போனால் ஊசி போட்டுத் தளர்த்துவது, சர்க்கரை நோயில் கால் எடுத்தவருக்குச் செயற்கைக் கால் எழுதிக் கொடுப்பது, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் பல வருடம் தொடர்ந்து பார்ப்பது, நரம்புச் சோதனை செய்வது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நாற்பது சதவீதம் என்ற கோட்டுக்கு மேலா கீழா என்பதில் ஒருவரின் வேலையும் உதவித்தொகையும் அடங்கியிருக்கிறது. கை கால் குறைபாட்டை அளந்து சான்றிதழில் கையெழுத்துப் போடுவோரில் இந்த டாக்டரும் ஒருவர்.

அந்தப் பெண் அதுவரை அப்பாவுக்காகப் பேசாமல் இருந்தாள். "சார், இதெல்லாம் எனக்குப் புரியுது. ஸ்டான்லி கைப் பிரிவுல பார்த்துதான் ஆசை வந்துச்சு" என்றாள்.

அவள் சொன்ன இடம் வடசென்னைக்கே உரியது. ஆலைகளும் பட்டறைகளும் அச்சகங்களும் நிறைந்த இந்தப் பகுதியில் இயந்திரத்தில் கை கொடுத்தவர்கள் ஸ்டான்லிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அங்கே 1971இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்காயங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். வெட்டுப்பட்ட விரல் நுனியைப் பக்கத்துத் தோலையே முக்கோணமாக நகர்த்தி மூடும் முறை ஒன்றை அவர் 1980இல் வெளியிட்டார். கை அறுவை சிகிச்சை நூல்களில் அது அவர் பெயரோடு நிற்கிறது. பின்னாளில் நிலையமாக வளர்ந்த அந்தப் பிரிவின் பெயரிலேயே புனர்வாழ்வு என்ற சொல் இருக்கிறது. தைத்த நரம்பு ஒட்டிக்கொண்டால் போதாது, அந்தக் கை மறுபடி ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆரம்பத்திலேயே அங்கே இருந்தது. அங்கிருந்து ஒரு மாணவிக்கு ஆசை வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இந்தத் துறைக்கு இந்தியாவில் வேர் ஆழமானது. மும்பை ஹாஜி அலியில் அகில இந்திய உடலியக்க மருத்துவ, புனர்வாழ்வு நிலையம் 1955இல் தொடங்கியது. நமக்கு இன்னும் நெருங்கிய கதை வேலூரில் இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ், கொச்சிப் பெண், வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். 1954இல் சக டாக்டர்களோடு போன வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் கையைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்ற பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே கத்தி பிடிக்கலாம் என்று அவருக்கு வழி காட்டினார். மேரி சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார். அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்த் தன் உடம்பைத் தானே கையாளப் பழகினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானப் படையினரை வேலைக்குத் திருப்பி அனுப்பும் முறையை உருவாக்கியவர் ரஸ்க். நோயைத் தடுப்பது முதல் கட்டம், குணப்படுத்துவது இரண்டாவது, வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்புவது மூன்றாவது என்பது அவர் கொள்கை. அங்கே படித்துத் திரும்பிய மேரி வேலூரில் இந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் 1966இல் திறந்தது. நோயாளி அங்கேயே குடும்பத்தோடு தங்கிப் பழகிப் போகும் ஏற்பாடு அதுவரை நாட்டில் இல்லாதது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மேரியிடம் "ஏன் இந்தத் துறை?" என்று யாராவது கேட்டிருந்தால் அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி சேரும் வழி. இந்தியாவில் எம்.டி. பி.எம்.ஆர். மூன்று ஆண்டுப் படிப்பு. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. வழியாகவும் படிக்கலாம், அதுவும் மூன்று ஆண்டு. இரண்டுக்கும் நீட் பிஜி ரேங்க்தான் வாசல். 200 கேள்வி, 800 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ. சி.இ.டி. என்ற தனித் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. டெல்லி எய்ம்ஸில் பி.எம்.ஆர். படிக்க அந்த வழியாகத்தான் போக வேண்டும். பி.எம்.ஆர். என்பது இந்தத் தேர்வுகளில் தனிப் பாடமாக வருவதில்லை. எலும்பு, நரம்பு, பொது மருத்துவம் என்று சிதறி ஓரிரு கேள்வி வரலாம். ஆகவே தேர்வுக்குப் படிப்பதால் இந்தத் துறை உனக்குப் பொருந்துமா என்பது தெரியவே தெரியாது.

அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, எம்.சி.சி. எனும் மத்திய மருத்துவக் கவுன்சிலிங் குழு அதற்குக் கவுன்சிலிங் நடத்துகிறது. மீதி மாநிலத்துக்கு, கீழ்ப்பாக்கத்திலுள்ள தேர்வுக் குழு அதை நடத்துகிறது. மாநில அரசுப் பணியிலிருக்கும் டாக்டர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடும் உண்டு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வருபவர்களுக்கு அது பெரிய துணை. அந்தப் பெண்ணிடம் இதைக் கூடுதலாகவே சொன்னேன். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கிராமத்தில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தால், பக்கவாதம் வந்து வீட்டோடு கிடப்பவர் எத்தனை பேர் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் படிக்க வரலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போகிறார். அவருக்கு வழி சொல்ல இந்தத் துறை டாக்டர்கள் போதவில்லை.

"எவ்ளோ ரேங்க் வந்தா கெடைக்கும் சார்?" என்றார் அப்பா.

வருடா வருடம் மாறுகிற கணக்கு இது. எம்.சி.சி. தளத்தில் பழைய வருடங்களின் ஒதுக்கீட்டுப் பட்டியல் கிடைக்கிறது. எந்தக் கல்லூரியில் எந்தத் துறை எந்த ரேங்கோடு முடிந்தது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். ரேடியாலஜி, தோல், பொது மருத்துவம் எல்லாம் போன பிறகுதான் பட்டியல் பி.எம்.ஆர். பக்கம் நகரும். விருப்பத்தோடு வருபவருக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதே காரணத்தால், வேறெதுவும் கிடைக்காமல் வந்தவர்களும் இந்த வகுப்பில் இருப்பார்கள். சிலர் ஓராண்டில் பிடித்துப்போய்த் தங்கிவிடுவார்கள். சிலர் மறுபடி நீட் எழுதிக்கொண்டே மூன்று வருடத்தையும் கழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே.

விருப்பப் பட்டியல் போடுவதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. 'இது நமக்குக் கிடைக்காது' என்று நினைத்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளி, கிடைக்கக்கூடியதை மேலே வைக்கிறார்கள். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும் முறையில் இதனால் ஒரு லாபமும் இல்லை. கிடைக்காத சீட்டை முதலில் எழுதினால் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். கிடைக்கும் சீட்டை முதலில் எழுதிவிட்டால், அதற்குக் கீழே எழுதிய ஆசைக்கு அந்தச் சுற்றில் கணினி போகவே போகாது. உண்மையான ஆசை வரிசையிலேயே எழுது என்றேன். சுற்றுக்குச் சுற்று விதி மாறும். தொடக்கத்தில் விட்டு விலகலாம். பிந்திய சுற்றுகளில் கிடைத்த சீட்டை விட்டால் வைப்புத்தொகை போகும், அடுத்து கலந்துகொள்ளும் உரிமையும் போகலாம். அந்தந்த வருடத்து விவரக் குறிப்பேட்டை டெலிகிராம் குழுவில் வரும் சுருக்கத்தை நம்பாமல் முழுக்கப் படிக்க வேண்டும்.

நேர்காணல் நம் ஊரில் இல்லவே இல்லையா? இருந்தது. வேலூர் சி.எம்.சி. பல பத்தாண்டுகள் தன் மாணவர்களைத் தன் வழியில், பரீட்சையோடு நேர்காணலும் வைத்துத்தான் எடுத்தது. மதிப்பெண்ணைத் தாண்டி, ஏழை நோயாளியிடம் வேலை பார்க்கும் மனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நீட் வந்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2017இல் தன் முறையில் எடுக்க முடியாது என்றானதும் எம்.பி.பி.எஸ்.ஸின் 100 இடங்களில் ஒரே ஒருவரைச் சேர்த்து மீதியைக் காலியாகவே விட்டார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனமானாலும் நீட் கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றத்தின் கவலையும் எனக்குப் புரிகிறது. நேர்காணல் என்ற பெயரில் நன்கொடை வசூலித்த கல்லூரிகளை இந்த நாடு நிறையப் பார்த்துவிட்டது. காட்டுப்பள்ளி டிரெய்லர் டிரைவரின் மகளுக்கு, சிபாரிசு எதுவும் நுழைய முடியாத பரீட்சைதான் பாதுகாப்பு. ஆனாலும் அந்த ஒரு கேள்வியை இழந்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அமெரிக்க வழி வேறு. அங்கே இந்தத் துறைக்கு நான்கு வருடம்: முதல் வருடம் பொது மருத்துவப் பயிற்சி, பிறகு மூன்று வருடம் பி.எம்.ஆர். நம் எம்.பி.பி.எஸ். டாக்டர் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வுகளை எழுதி, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் வாங்க வேண்டும். முதல் கட்டத் தேர்வுக்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்விதான். அதனால் இரண்டாம் கட்டத் தேர்வின் மதிப்பெண்ணும், அங்குள்ள மருத்துவமனையில் உடனிருந்து பார்த்த அனுபவமும், பி.எம்.ஆர். டாக்டர் ஒருவர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதமும் கூடுதல் எடை பெற்றுவிட்டன. செப்டம்பரில் விண்ணப்பம். தன்னைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை. அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்காணல். கொரோனா காலத்திலிருந்து பெரும்பாலும் திரையிலேயே நடக்கிறது. பிறகு விண்ணப்பித்தவர் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார், மருத்துவமனைகள் விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்தும். கணினி இரண்டையும் பொருத்தி மார்ச் மாதம் முடிவைச் சொல்லும். 1952 முதல் நடக்கும் ஏற்பாடு இது. இதன் இன்றைய கணக்குமுறையைச் சீரமைத்த ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அங்கேயும் உண்மையான ஆசை வரிசையில் எழுதுவதே சிறந்த வழி.

அந்த நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று பெண் கேட்டாள். அமெரிக்கா போகும் எண்ணம் அவளுக்கு இல்லை. தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான். கேட்பவை எளிய கேள்விகள். ஏன் எலும்பு மருத்துவமோ நரம்பியலோ எடுக்கவில்லை? உன்னை மாற்றிய நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல். பிசியோதெரபிஸ்டும் நீயும் ஒரு நோயாளி விஷயத்தில் வேறுபட்டால் என்ன செய்வாய்? குணமாகாது என்று தெரிந்தவரிடம் என்ன பேசுவாய்? பத்து வருடம் கழித்து எங்கே வேலை பார்ப்பாய்?

இவற்றை நமக்கு நாமே கேட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. அதிலும் நாலாவது கேள்வியில்தான் இந்தத் துறை இருக்கிறது. அறுவை சிகிச்சை டாக்டருக்கு நோயாளி நடந்து போவதைப் பார்க்கும் நாள் வரும். நம்மிடம் வருபவர்களில் பலர் நடக்கவே மாட்டார்கள். "எப்ப நடப்பேன் டாக்டர்?" என்று ஒவ்வொரு புதன்கிழமையும் கேட்பார்கள். பொய் சொல்லக்கூடாது, நம்பிக்கையையும் பிடுங்கக்கூடாது. இந்த மாதம் படுக்கையிலிருந்து வண்டிக்குத் தானே மாறக் கற்றுக்கொள்வோம் என்று பேச்சைத் திருப்பி, அதை முடித்துக் காட்ட வேண்டும். முன்னேற்றத்தை அங்குலத்தில் அளக்கப் பொறுமை வேண்டும். கத்தி பிடிக்கும் பரபரப்பு வேண்டுமென்றால் இங்கே வரக்கூடாது. அதில் தவறேதும் இல்லை, வேறு துறை எடுக்க வேண்டும்.

"சம்பாத்தியம்?" என்றார் அப்பா. கேட்க வேண்டியதுதானே. கடன் வாங்கிப் படிக்க வைத்த மனிதர்.

ரேடியாலஜி அளவுக்கு வராது, குறிப்பாக முதல் வருடங்களில். பக்கவாதத்துக்கும் தண்டுவடத்துக்கும் தனியார் புனர்வாழ்வு மையங்கள் பெருகுகின்றன. வலி சிகிச்சை, விளையாட்டுக் காயம் என்றும் கிளைகள் உண்டு. மருத்துவக் கல்லூரி வேலைதான் ஊசலாடுகிறது. 2020இல் வந்த விதி எல்லா மருத்துவக் கல்லூரியிலும் பி.எம்.ஆர். துறை கட்டாயம் என்றது. 2023இல் வந்த விதியில் அது கட்டாயத் துறைப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. இந்தத் துறைக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். எதிர்த்தது சரி என்பேன், விபத்து பெருகும் நாட்டில் அந்த முடிவுக்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. நேர்காணல் நம் ஊரில் வருவது படிப்பு முடிந்த பிறகுதான். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் எய்ம்ஸும் சீனியர் ரெசிடென்ட் வேலைக்கு நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு எடுக்கின்றன. அதற்கு அந்த மூன்று வருடத்தில் என்ன பார்த்தாய் என்பதே பதில். அரசுக் கல்லூரியில் படித்தால் முடித்த பின் அரசு வேலை பார்க்கப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், சேரும் முன் அதையும் படித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"நல்ல ரேங்க் வந்துட்டா?" என்று அப்பா விடவில்லை. "ரேடியாலஜி கெடைக்கிற ரேங்க்கே வந்துட்டா?"

ரேடியாலஜி பிடித்திருந்தால் அதை முதலில் எழுதட்டும். பி.எம்.ஆர். பிடித்திருந்தும், சொந்தக்காரர்கள் 'பிசியோ' என்பார்களே என்று பத்தாவது இடத்தில் எழுதக்கூடாது. பிடித்திருக்கிறதா என்பது பேச்சில் தெரியாது, போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, எம்.டி. படிப்பும் அங்கே நடக்கிறது. துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு ஒரு நாள் புறநோயாளிப் பிரிவில் நின்று பார்க்கலாம். பக்கத்திலேயே செயற்கைக் கால் செய்யும் பட்டறை. அச்செடுப்பதிலிருந்து முதல் அடி வைப்பது வரை பார்க்கலாம். லீவு கிடைத்தால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்கும் போய் வரலாம். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். ஒரு டாக்டர் செய்த வேலை ஒரு ஊரில் எவ்வளவு தூரம் பரவும் என்று அங்கே தெரியும்.

இதற்கெல்லாம் நாள் கிடைக்காவிட்டால், அவள் தினமும் போகும் ஸ்டான்லி வளாகமே போதும். ட்யூட்டி முடிந்ததும் கைப் பிரிவின் தெரபி அறைக்குப் போகட்டும். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆனவர்கள் சட்டைப் பொத்தான் போடவும் சில்லறை பொறுக்கவும் பழகிக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பார்க்கட்டும். அலுப்பாக இருந்தால் பட்டியலில் பி.எம்.ஆரை எழுத வேண்டாம். எழுந்து போய் அந்தப் பொத்தானை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று கிட்டே பார்க்கத் தோன்றினால், முதல் வரியில் எழுதலாம்.